ஃபிரிட்ஜில் கூரைச்சேலை

பாப்பாரப்பட்டியில் பேருந்து ஏறினேன். முன்பெல்லாம் இதில் கோழிக்கூடைதான் பக்கத்தில் உட்காரும். அன்று முன் சீட்டில், தாய்வீட்டிலிருந்து திரும்பும் மனைவியும் அழைத்துப்போக வந்த கணவனும் இருந்தார்கள்.

“உன் கூரச்சேல ஃபிரிட்ஜுல இருக்குது புள்ள.”

“அங்க எதுக்குங்க?”

“தேனீப் பொட்டியில எடுத்த தேன வடிகட்ட, பழைய துணின்னு எடுத்துட்டேன். மெழுகும் தேனீப் பிசினும் அப்பிக்கிச்சு. குளுந்தா உதுருமாம்.”

“உதுந்துச்சா?”

“மெழுகு உதுந்துச்சு. பிசின் கறை அப்படியே நிக்குது.”

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

“கல்யாணத்தோட மடிச்சு வெச்சது. அதக் கட்டற மாதிரி எங்கதான் கூட்டிட்டுப் போனீங்க?”

“வர்ற ஞாயித்துக்கெழம ஒகேனக்கல் போலாம்.”

பென்னாகரம் வந்துவிட்டது. எழுந்துகொண்டே கேட்டாள்.

“கற முந்தானையிலயா?”

“இல்ல, நடுவுல.”

“அப்ப கொசுவத்துக்குள்ள மடிச்சுக்கறேன்.”