பாதி இறைத்த மைதானம்

தலைமை தாங்கும் பெர்னார்டா அம்மையாரே, மலை தாண்டிப் புழுதி குடித்து வந்திருக்கும் ஆறு ஊர்ப் பெரியோரே, டெப்பரி அவரைக்கொட்டை வேகும் அண்டாவை விட்டு எட்டிப் பார்க்கும் தாய்மாரே, மட்டையும் கையுறையுமாய்க் காத்து நிற்கும் ஆட்டக்காரப் பிள்ளைகளே! உங்களை அழைத்த ஊரின் சார்பில் தலைகுனிந்து நிற்கிறேன்.

என்ன ஆர்லோ? இது பேஸ்பால் மைதானமா, மாடு குளிக்கிற குட்டையா என்கிறாய். சிரி மகனே, சிரி. ஆனால் தண்ணீர் நிற்கிறதே என்று நான் வெட்கப்படவில்லை. அதோ, அந்தப் பக்கம் பாதி வெறுஞ்சேறாய்க் கிடக்கிறதே, அதற்கு வெட்கப்படுகிறேன்.

சகுவாரோக் கள்ளிப் பழத்தைப் புளிக்கவைத்துக் குடித்து, பாடிப் பாடி மழையைக் கேட்டவர்கள் யார்? நாம். இடி இறங்கிய இரவில், மண்ணுக்கடியில் மூச்சடக்கிக் கிடந்த மண்வெட்டிக்கால் தேரைகள் எழுந்து வந்து, விடிய விடிய ஆட்டுக்குட்டி போலக் கத்தினவே, கேட்டு மகிழ்ந்தவர்கள் யார்? நாம். அன்றிரவே முட்டை; பொழுது ஒன்று போவதற்குள் தலைப்பிரட்டை; பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னங்கால். அவசரம் ஐயா, அவசரம்! கால் முளைக்குமுன் குட்டை வற்றினால் கதை முடிந்தது. தண்ணீர் சுருங்கச் சுருங்கச் சிலது தாடை பெருத்து, கூடப் பிறந்ததையே தின்னும். வெயிலோடு அவை ஓடுகிற பந்தயம் அது. அந்தப் பந்தயத்தின் குறுக்கே நாங்கள் எதை வைத்தோம்? பம்பு வைத்தோம்!

என் அண்ணன் மகன் டெல்பர்ட் முந்தாநாள் தண்ணீர் லாரியைக் கொண்டுவந்து உறிஞ்சினான். ஊரே தலையாட்டியது. எங்கள் அணியில் பந்து வீசும் வெர்லிண்டாதான் பம்புக் குழாயின் வாயடியில் குனிந்து பார்த்தாள். பின்னங்கால் வந்து முன்னங்கால் வராதவையெல்லாம் சேற்றில் துடித்தன.

“மாமா, நிறுத்துங்க,” என்றாள்.

“வர்றவங்க சிரிப்பாங்கடி,” என்றான் டெல்பர்ட்.

“மழை வேணும்னு பாடுனோம். வந்ததை உறிஞ்சி ரோட்டுல ஊத்துறோம். இதைப் பார்த்து யாரு மாமா சிரிப்பா?”

டெல்பர்ட் பம்பை அணைத்தான். பிழைத்ததை அவள் தொப்பியில் அள்ளி மிச்சத் தண்ணீரில் விட்டாள். செத்ததை அள்ள எங்களுக்கு மண்வாரி தேவைப்பட்டது. அதைச் சொல்ல நாக்குக் கூசுகிறது.

இருப்பவற்றுக்கு இன்னும் சில நாள் போதும். முன்னங்கால் வரும், வால் சுருங்கும், கரையேறிப் பின்னோக்கித் தோண்டி மண்ணுக்குள் போய்விடும். அதுவரை அந்தத் தண்ணீர் அவற்றினுடையது.

ஆகவே விருந்தாளிகளே, இறைத்த பக்கத்துச் சேற்றில்தான் உங்களை ஆடச் சொல்கிறோம், எங்களை மன்னியுங்கள். அடித்த பந்து தண்ணீரில் விழுந்தால் எடுக்க யாரும் இறங்க வேண்டாம். ஓட்டத்தை உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். பந்து போனால் போகட்டும். பொறுமையாய்க் கேட்ட உங்கள் எல்லோருக்கும் கைகூப்பிய நன்றி. வணக்கம், வாருங்கள், முதலில் சாப்பிடுவோம்.