உபவாசத்தில் நிறுத்திய மாத்திரை

மேடையில் டாக்டரின் மனைவி அகோசுவா, டாக்டரின் தாய்மாமன், மருத்துவமனை இயக்குநர் திருமதி அச்சியாவ், நம் போதகர் அசாரே, தாதி அஃப்ராகோமா. ஆக ஐந்து பேர். கீழே துக்கத்துக்குச் சிவப்பும் கறுப்பும் உடுத்திய குமாசி சபையார். நம் சபையில் டாக்டர் இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்த முப்பத்தொரு பேரில் இருபத்தொன்பது பேர் வந்திருக்கிறீர்கள். இருவரால் நடக்க முடியவில்லை. எல்லோருக்கும் கர்த்தரின் சமாதானம்!

நம் டாக்டர் க்வாபெனா அட்டகோரா சாலை விபத்தில் போய் இன்று ஏழாம் நாள். அவர் படிப்பைப் பற்றிப் படித்தவர்கள் பேசட்டும். எனக்கு நடந்ததை நான் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி. ஃபூஃபூ களி தின்ற வாயு என்று இஞ்சி கொடுத்தேன். டாக்டர் படமெடுத்துப் பார்த்தார். "வாயு இல்லம்மா. இதயத்துக்குப் போற ரத்தக்குழாய்ல கொழுப்பு படிஞ்சு முக்கால்வாசி அடைச்சிருக்கு." அடைப்பை விரித்து, ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாயை வைத்தார். அதற்குள் ரத்தம் உறையாமல் இருக்கத் தந்த மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது என்றார்.

ஸ்டென்ட் வைத்த ஏழாம் வாரம் சபையில் உபவாசம். மாலை ஆறு வரை தண்ணீரும் கிடையாது. ஆறுக்குப் பிறகாவது மாத்திரை கொடுத்திருக்கலாமே? கொடுக்கவில்லை! உபவாச நாளில் கர்த்தரே மருந்து என்று எடுத்து ஒளித்து வைத்தவள் நான்தான். நான்காம் நாள் அவர் வியர்த்து விழுந்தார். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்துவிட்டது.

டாக்டர் அதைத் திறந்துவிட்டு வெளியே வந்தார். அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். திட்டினாரா? இல்லை!

"உபவாசம் நீங்க இருங்கம்மா. ஸ்டென்டால இருக்க முடியாது."

அந்த ஞாயிறே சபைக்கு வந்தார். பீடத்துக்கு முன்னால் தன் நோயாளிகளை நிறுத்தி, தன் கையாலேயே மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தார். போதகர் விடுவாரா?

"என்ன டாக்டர், காணிக்கைக்கு முன்னாடியே பந்தியா?"

"ஆள் உசிரோட இருந்தாத்தானே பாஸ்டர், காணிக்கை!"

சபையே சிரித்தது. அன்றுமுதல் எந்த உபவாசத்திலும் டாக்டர் வராமல் இருந்ததில்லை. என் வீட்டுக்காரர் அதோ, மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அகோசுவா, உன் வீட்டு ஞாயிறுகளை எங்களுக்குக் கொடுத்தாய் மகளே. எந்த வாயால் நன்றி சொல்வேன்!

அடுத்த உபவாசத்துக்குப் பதினேழு நாள் இருக்கிறது. முப்பத்தொரு வீட்டுக்கும் எங்கள் மகளிர் சங்கம் போகும். மாத்திரை வாய்க்குள் போவதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பும். இது கர்த்தர் முன் வாக்கு. ஆனால் நெஞ்சு வலித்தால் ரத்தக்குழாய்க்குள் பார்க்க எங்களுக்குத் தெரியுமா? நேற்று, வியாழக்கிழமை, இதய நோய்ப் பிரிவு பூட்டிக் கிடந்தது.

திருமதி அச்சியாவ் அவர்களே, அவர் இடத்துக்கு யார் வருகிறார், எந்த நாளில் வருகிறார்? தயவுசெய்து இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் எங்களுக்குப் பதில் சொல்லுங்கள்.