எள்ளுப் பொட்டணம்

ஐய, இந்த டிரிப்புக்கா பேர் குடுத்திருக்கீக? டிரிப்பு நடத்துற ரத்தினவேலு நோட்டீசுதானே இது, காட்டு பாப்போம். ஆமா, அதே ஏரி, அதே படகு. தொரையும் தொரசாணியும் குடை பிடிச்சு ஒக்காந்திருக்காக பாரு. படத்துல ரெண்டு பேருதான் ஆத்தா. நெசத்துல பதினாலு பேரு.

நானா? போன ஆடியில போனேனே. சும்மா ஒக்காரு, ஒன் வீட்டுக்காரரு காப்பி குடிச்சுட்டு வரட்டும். பஸ்ஸுக்குப் பின்னால அடுப்புல இன்னும் கரியே போட்டு முடிக்கல. அறந்தாங்கியில எந்த பஸ்ஸு நேரத்துக்குக் கெளம்பியிருக்கு?

பழனியில சாமி கும்பிட்டுட்டு, அப்படியே கொடைக்கானலுக்கு ஏறி ஏரியில படகுச் சவாரி, சாப்பாட்டோட பன்னெண்டு ரூவான்னான். பழனின்னதும் நானும் பேர் குடுத்துட்டேன். தாலியறுத்தவ ஊர் சுத்திப் பாக்கப் போறேன்னு கெளம்ப முடியுமா? பழனின்னா எவளும் வாயத் தொறக்கமாட்டா.

சாப்பாடா? நல்லா கேட்ட. ரெண்டு நாளைக்கும் புளிச்சோறு, வீட்டுலயே கிண்டிக் கொண்டாந்துட்டான். மறுநாளு அண்டாவத் தொறந்தான் பாரு, பஸ்ஸுல இருந்த ஈயெல்லாம் எறங்கிப் போயிருச்சு. மலையில கரி பஸ்ஸு ஏறுமா? ஒவ்வொரு திருப்பத்துலயும் எறங்குங்க, தள்ளுங்கன்னு அதே பாட்டுதான். அரிமளத்து ரெங்கசாமின்னு ஒரு பெரிய பண்ணை, வீட்டுல ஒரு செம்பத் தூக்கி வைக்கமாட்டாராம். அவரு அங்கவஸ்திரத்த இடுப்புல கட்டிக்கிட்டு முக்கி முக்கித் தள்ளுறாரு. காசக் குடுத்து கூலி வேலை பாத்தோம், வேறென்ன.

ஏரி நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. நம்ம சனம் அதைப் பாத்தாத்தானே? அன்னிக்கு ஆடி அமாவாசையாப் போச்சு. உண்ணாமலைன்னு ஒருத்தி, எட்டு வருசம் முன்னால எங்க ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவ. பழனிக்கு மேல கெடக்குற தண்ணி, இதுவும் தீர்த்தந்தான்னு அவதான் ஆரம்பிச்சா. அம்புட்டுத்தான். ஒருத்தி மஞ்சளப் பூசிக்கிட்டு முழுக எறங்குறா. ஒருத்தன் காச விட்டெறியிறான். படகுத்துறைக்காரரு எறங்காதேன்னு விசிலு ஊதுறாரு, அவரு ஊத ஊத இவுக இன்னொரு முழுக்குப் போடுறாக. தொரைமாரெல்லாம் படக நிறுத்திட்டு நம்ம கூத்தப் பாக்குறாக. எனக்கு மானமே போச்சு.

பெறகு படகு. ஆறு பேரு ஒக்கார்றதுல பதினாலு பேர அடைச்சான். படகுக்காரன் ஒருத்தன் வாச்சான் பாரு, தலையோட மூஞ்சியோட மப்ளரச் சுத்திக்கிட்டு, கண்ணு மட்டுந்தான் வெளிய. ஏறுற பொம்பளைகளுக்குக் கை குடுக்கல. ஒரு வார்த்தை பேசல. அவன் பொண்டாட்டி தூக்குவாளியோட கரையில நின்னா, இடுப்புல ஒரு பொட்டப்புள்ள. அவ நல்லாத்தான் இருந்தா, செவப்பா. புள்ளைக்கு அப்படியே அவன் மூக்கு.

மூக்கு எப்படித் தெரிஞ்சுச்சா? மப்ளரு பெறகு அவுந்துருச்சு ஆத்தா. வாரேன், சொல்லத்தானே போறேன்.

நடு ஏரியில போயி உண்ணாமலை மடியிலருந்து எள்ள எடுத்துட்டா. செத்தவுகளுக்கு எறைச்சுட்டுத்தான் போகணுமாம். எங்கிட்டயும் ஒரு பிடி குடுத்தா. எங்க வீட்டுல அவுக பினாங்குக்குப் போயி பதினோரு வருசமாச்சு. சப்பான்காரன் சண்டையோட காயிதம் நின்னுபோச்சு. சண்டை முடிஞ்சு நாகராசுன்னு ஒருத்தன் திரும்பி வந்தான். சயாமுல ரயில் ரோடு போடுற வேலைக்குப் பிடிச்சுட்டுப் போனாக, பேதியில போயிட்டாருன்னு சொல்லி, அவுக துண்ட எங் கையில குடுத்தான். அந்தத் துண்ட வச்சுத்தான் கருமாதி பண்ணுனோம். அன்னிக்கே எனக்குத் தாலியயும் எடுத்தாக. ஆம்பளப் புள்ள இல்லாத வீடு. வருசா வருசம் நாந்தான் எள்ளும் தண்ணியும் எறைக்கிறேன்.

எறைக்கையில பேரச் சொல்லணும்ல? நான் எப்படிச் சொல்லுவேன்? கழுத்துல கட்டுன நாளுலருந்து அந்தப் பேர் எவ் வாயில வந்ததில்ல. ரேசன் கார்டு எழுத வந்தவருகிட்டகூட பக்கத்து வீட்டுக்காரிதான் சொன்னா. அன்னிக்கு எனக்காக உண்ணாமலை ஏரி முழுக்கக் கேக்குற மாதிரி சொன்னா. அந்த நேரம் பாத்து அந்தப் படகுக்காரப் பய துடுப்ப விட்டுட்டுத் திரும்புறான். படகு ஒரு சாய் சாஞ்சுச்சு, பதினாலு பேரும் தெப்பமா நனைஞ்சோம். மப்ளரு அவுந்து தண்ணியோட போச்சு. அவனத் திட்டாத ஆளில்ல. ரெங்கசாமி அடிக்கவே கைய ஓங்கிட்டாரு.

நான் திட்டலத்தா. கையில இருந்த எள்ள எறைச்சேன், பாதி அவங் கால்லயே விழுந்துச்சு. அதத் தொடைக்காம, தலையத் தூக்காம கரை வரைக்கும் தள்ளிக்கிட்டு வந்தான். அன்னிக்கு எவ் வயிறு எரிஞ்ச எரிச்சலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். கரையில அந்தப் புள்ள அப்பனப் பாத்துக் கையத் தட்டிக்கிட்டு நின்னுச்சு. அந்தப் புள்ளைக்காக வாய மூடிக்கிட்டு வந்தேன்.

அந்தா, ஒன் வீட்டுக்காரரு வாராரு. நான் எந்த ஊருக்கா? நான் எங்கிட்டும் போகல, இந்த பஸ்ஸுல யாராச்சும் ஏரிக்குப் போறாகளான்னு பாக்கத்தான் வந்தேன். இந்தப் பொட்டணத்தக் கொஞ்சம் மடியில வச்சுக்க. பயப்படாத, எள்ளுதான். படகுத்துறையில நின்னு வெள்ளைச்சாமின்னு ஒரு சத்தம் குடு, அன்னிக்குத் திரும்புன மாதிரியே திரும்புவான்.

என்ன முழிக்கிற? ஆமா, அதே பேருதான். சொல்லிட்டேன், நாக்கு ஒண்ணும் அழுகிப்போகல. இத அவங் கையில குடுத்து, வர்ற அமாவாசையிலருந்து அவனுக்கு அவனே எறைச்சுக்கிறச் சொல்லு. ஏறு ஆத்தா, பஸ்ஸு கெளம்புது.