போட்டாச்சு

நாய் வளர்க்கிறவன் மேல் நாய் வாசனை வரக் கூடாது என்பது என் கொள்கை. குட்டி வாங்க ஆள் வருகிறது என்றால் அதற்கு முன்பே குளித்து, பவுடர் பூசி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில்தான் கேட்டுக்கு வருவேன். இன்றைக்கும் உங்கள் ஆட்கள் வந்து கூப்பிட்டபோது ஐந்து நிமிஷம் கேட்டு வாங்கி, சட்டை மாற்றிக்கொண்டுதான் வண்டியில் ஏறினேன். உங்கள் நாற்காலிதான் கொஞ்சம் பிசுபிசுக்கிறது. பரவாயில்லை.

நிதானமாகச் சொல்லச் சொன்னீர்கள். நிதானத்துக்கு என்னிடம் எப்போதுமே குறைச்சல் இல்லை. டீச்சர் முதல் தடவை போன் செய்தபோது நான் எங்கே இருந்தேன் என்பதுதான் உங்கள் கேள்வி. மேஜை மேல் இருக்கிற அந்த மஞ்சள் அட்டையைப் பார்த்தபடியே கேட்கிறீர்கள். இரண்டையும் கடைசியில் சொல்கிறேன் சார். வரிசையாக வந்தால்தான் என் பக்கத்து நியாயம் புரியும்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு, பன்னிரண்டு கூண்டு வைத்திருக்கிறேன். வீட்டுக்கு முன்னால் ஒரு அறை. அதில் மெத்தை விரித்து மகாராணி படுத்திருப்பாள். மகாராணி ஒரு பெட்டை நாய். பொன் நிற முடி, சாந்தமான முகம், யார் பிள்ளை வாலைப் பிடித்து இழுத்தாலும் கண்ணை மூடிக்கொள்ளும் சுபாவம். விவரம் தெரிந்தவர்கள் வந்தால் முதலில் குட்டியைப் பார்க்க மாட்டார்கள், தாயைப் பார்க்க வேண்டும் என்பார்கள். நான் மகாராணியைக் காட்டுவேன். அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்து ஆறு வருஷம் ஆகிறது. பெற்ற தாய்கள் பின்னால் கூண்டுகளில் இருந்தார்கள், அவர்கள் நாலு பேர் பார்க்கிற நிலையில் இல்லை. துணிக்கடைக்காரன் வாசலில் பொம்மைக்குச் சட்டை மாட்டி வைக்கிறான், அவனை யாரும் ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவதில்லை. நானும் அதைத்தான் செய்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குச் சோறு போட்டது நாய் இல்லை சார், ஒரு சொல். போட்டாச்சு. பின்னால் குட்டி போட்டாச்சா, சாப்பாடு போட்டாச்சா, பூச்சி மருந்து போட்டாச்சா, கூண்டுக்குப் பூட்டு போட்டாச்சா, ஊசி போட்டாச்சா. நாள் முழுக்க இதே கேள்விகள்தான். எல்லாவற்றுக்கும் என்னிடம் அந்த ஒரே பதில்தான். அதன் சௌகரியத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். ‘போட்டேன்’ என்றால் நான் மாட்டிக்கொள்வேன். ‘போட்டாச்சு’ என்றால் யார் போட்டது, எதைப் போட்டது, யாருக்குப் போட்டது, ஒன்றும் கிடையாது. காரியம் தானாக நடந்து, தானாக முடிந்து, கைகட்டி நிற்கிறது. வாழ்க்கையில் நான் பொய்யே சொன்னதில்லை என்று வெகுகாலம் நம்பியதற்கு இதுதான் காரணம்.

டீச்சர் ஒரு விடுமுறை நாள் காலையில் வந்தார். கணக்கு டீச்சர். கூட ஆறு வயதுப் பெண், முன்பல் இரண்டும் விழுந்த வாய். வீட்டில் அவளைக் குட்டி என்றுதான் கூப்பிடுவார்களாம். குட்டி வாங்கக் குட்டியையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டீர்களே என்று நான் வழக்கமான ஜோக்கை எடுத்துவிட்டேன். டீச்சர் சிரிக்கவில்லை, பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். அதில் கோடு கிழித்து, கேள்விகளை வரிசையாக எழுதி வைத்திருந்தார். தாய் எங்கே, வயது என்ன, என்ன சாப்பிடுகிறது, எங்கே தூங்குகிறது. ஒவ்வொன்றுக்கும் மார்க். இப்படி ஒரு ஆள் என் வாசலுக்கு வந்ததே இல்லை.

ஊசி கேள்வி எட்டாவதாக வந்தது.

"ரேபிஸ் ஊசி போட்டாச்சா?"

"போட்டாச்சு டீச்சர்," என்று சொல்லித் தடுப்பூசிப் புத்தகத்தை நீட்டினேன். ஸ்டிக்கர், தேதி, டாக்டர் முத்திரை, எல்லாம் இருந்தன. டீச்சர் தேதிகளை விரல் விட்டு எண்ணிப் பார்த்துத் தலையாட்டினார்.

அந்த முத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டாக்டர் நல்ல மனிதர். இறந்து மூன்று வருஷம் ஆகிறது. அவருடைய முத்திரை மட்டும் என் மேஜை இழுப்பறையில் நல்ல ஆரோக்கியத்துடன் இருந்தது. அவர் இறந்த பிறகு அவரிடம் ஊசி போட்டுக்கொண்ட நாய்கள் முன்னூறுக்கு மேல் இருக்கும். உயிரோடு இருந்தபோது பாவம் அவருக்கு அவ்வளவு வேலை வந்ததில்லை.

ஸ்டிக்கர்கள் நிஜம். மருந்து பாட்டிலில் இருந்து உரித்து ஒட்டியவைதான். பாட்டில்களைப் பற்றிக் கேட்டால்தான் கொஞ்சம் சங்கடம். மருந்து எப்போதும் குளிரிலேயே இருக்க வேண்டும். மகாராணியைக் குளிப்பாட்டி முடியை உலர்த்துவதற்காக பிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கி டிரையரைச் சொருகினேன். திரும்ப மாற்ற மறந்தது பதினோரு நாள். என் மனைவி பால் திரிந்துபோய்க் கிடப்பதைப் பார்த்துச் சொன்னபோதுதான் தெரிந்தது. பாலைக் கீழே கொட்டினோம். மருந்தைக் கொட்ட மனசு வரவில்லை, பிளக்கைச் சொருகியதும் மறுபடி ஜில்லென்று ஆகிவிட்டது. பாலுக்கு இருக்கிற நாணயம் மருந்துக்கு இல்லை சார், கெட்டுப்போனால் காட்டிக்கொள்ளாது. டீச்சருக்குக் காட்டிய அந்த ஈத்துக் குட்டிகள் ஆறுக்கும் அதைத்தான் குத்தினேன்.

பெண் குழந்தை மெத்தையில் உட்கார்ந்து, காதில் பொருக்குத் தட்டிய ஒரு குட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தது.

"அம்மா, இதுக்குக் காதுல புண்ணு. பாவம். இதையே வாங்கலாம்."

கூண்டுக் கம்பி கீறிவிட்டது என்றேன். வேறு குட்டிகளை இரண்டு தடவை எடுத்து நீட்டினேன். அதை நீங்கள் தவறாமல் எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டு தடவை. அவள் இரண்டு தடவையும் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாள். ஆறு வயதுப் பிள்ளையோடு நான் எவ்வளவு நேரம் மல்லுக்கட்ட முடியும்.

கிளம்பும்போது டீச்சர் நோட்டைத் திருப்பிக் காட்டினார்.

"இதுக்கு முன்னாடி ரெண்டு இடம் பார்த்தோம். ஒருத்தருக்கு நாலு, ஒருத்தருக்கு அஞ்சு. உங்களுக்குப் பத்துக்கு ஒன்பது."

"ஒரு மார்க் எங்க டீச்சர் போச்சு?"

"பினாயில் வாசனை ரொம்பத் தூக்கலா இருக்கு. எதையோ மறைக்கிற மாதிரி."

இருவரும் சிரித்தோம். பள்ளிக்கூடத்தில் நான் கணக்கில் நூற்றுக்கு இருபதைத் தாண்டியவன் இல்லை. கணக்கு வாத்தியார் என் நோட்டை ஜன்னல் வழியாக வீசியிருக்கிறார். நாற்பத்தொன்பது வயதில் ஒரு கணக்கு டீச்சர் கையால் ஒன்பது மார்க். அன்றைக்கு முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை. மனைவியிடம் சொன்னேன், தீவன வண்டிக்காரரிடம் சொன்னேன், மகாராணியிடமும் சொன்னேன். உங்களுக்குச் சிரிப்பு வரலாம். இந்த வழக்குக்குக் காரணம் என்ன என்று எழுத உங்கள் தாளில் ஒரு கட்டம் இருக்குமானால், அதில் அந்த ஒன்பது மார்க்கை எழுதுங்கள்.

மூன்று வாரம் கழித்து முதல் போன் வந்தது. காலை பத்து மணி இருக்கும்.

"ஒண்ணும் பெரிசா இல்ல. நாய்க்குட்டி எங்க குட்டி கன்னத்துல பல்லு வெச்சுடுச்சு. விளையாட்டுலதான். லேசா ரத்தம் வந்துது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு பார்த்தா ஊசின்னதும் அழறா. அதான் உங்களைக் கேட்டுக்கலாம்னு. ஊசி போட்டாச்சுல்ல?"

அவருக்கு வேண்டியது ஒரே ஒரு சொல். நானும் ஒரே ஒரு சொல்தான் சொன்னேன்.

"போட்டாச்சு டீச்சர்."

அப்பாடா என்று அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. தேங்க்ஸ் என்றார். உங்களிடம் வாங்கினது எவ்வளவு நல்லதாப் போச்சு என்றார். சோப்புப் போட்டுக் கழுவி விடுங்கள் என்று யோசனையும் சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் குட்டி சாப்பிடவில்லை, வாயில் நுரை, பின்னங்கால் இழுக்கிறது என்று போன் வந்தது. வயிற்றுக் கோளாறு என்றேன். செத்துப்போய்விட்டது என்று மறுநாள் வந்தது. நானே வெள்ளைச் சட்டையோடு போனேன். குழந்தை பார்த்து அழக் கூடாது என்று சாக்கில் சுற்றி எடுத்துவந்து நானே குழி தோண்டிப் புதைத்தேன். இரண்டாம் நாள் வேறு ஒரு குட்டியைச் சும்மாவே கொண்டுபோய்க் கொடுத்தேன். டீச்சர் கண் கலங்கிவிட்டார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனுஷனா என்றார். பத்தாவது மார்க்கும் அன்றைக்கு விழுந்திருக்கும், நோட்டுதான் பக்கத்தில் இல்லை. குழந்தை என் கையைப் பிடித்து இழுத்துக் கன்னத்தைக் காட்டினாள். காயம் ஆறியிருந்தது, ஒரு பருக்கை அளவு தழும்புதான்.

இன்னொரு மாதம் போயிற்று. கடைசி போன்.

"குட்டி தண்ணி குடிக்க மாட்டேங்குறா," என்றார் டீச்சர்.

நான் புதுக் குட்டியைத்தான் நினைத்தேன். ‘மாட்டேங்குது’ என்று வந்திருந்தால் நாய். வந்தது ‘மாட்டேங்குறா’. அந்தக் கடைசி எழுத்தைக் காதில் வாங்கிக்கொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தண்ணீர் டம்ளரைக் கண்டாலே அலறுகிறாள், பேன் காற்று பட்டாலே தூக்கிப் போடுகிறது, கன்னம் குறுகுறுக்கிறது என்று அந்த இடத்தையே பிடித்துக்கொள்கிறாள் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று சொன்னார். பின்னால் யாரோ அழுவது கேட்டது.

"டாக்டர் உங்களைக் கேக்கச் சொல்றார். அந்த நாய்க்கு நிஜமாவே ஊசி போட்டதான்னு."

இந்த நோய் இந்தக் கட்டத்துக்கு வந்தபின் ஒன்றும் செய்வதற்கில்லை என்று எனக்குத் தெரியும். இப்போது மாற்றிச் சொன்னால் முதலில் சொன்னது தப்பு என்று ஆகும், குழந்தைக்கும் அதனால் பிரயோஜனம் இல்லை. அதனால் மறுபடியும் அதையே சொன்னேன். இது நியாயமான யோசனைதான் என்று எனக்கு இன்னும் படுகிறது. மூன்றாம் நாள் குழந்தை போய்விட்டாள்.

அழுதேன் சார். கூண்டு கழுவும்போது அழுதேன். அதை நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

என் மேல் புகார் கொடுத்தது என் மனைவி என்று தெரியும். கோபமில்லை. துவைக்கப் போட்ட சட்டைப் பையில் அந்த மஞ்சள் அட்டை கிடைத்திருக்கிறது. தேதிகளைப் பார்த்திருக்கிறாள். அவளும் கணக்கில் கெட்டி.

சரி, அட்டைக்கு வருகிறேன். டீச்சர் வருவதற்கு ஆறு நாள் முன்னால் ஒரு தெருநாய் பின்வேலியைக் கிளப்பிக்கொண்டு உள்ளே வந்தது. வாயில் எச்சில் ஒழுக, எதைப் பார்த்தாலும் கடித்தது. வெயிலில் விட்டிருந்த ஒரு குட்டியின் காதைக் கவ்விக்கொண்டது. கம்பால் அடித்துக் குட்டியைப் பிடுங்கினேன், அந்த இழுபறியில் அதன் பல் என் புறங்கையிலும் பட்டது. மனைவிதான் பதறிப்போய் என்னைக் குழாயடியில் நிறுத்திக் கழுவினாள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லித் துரத்தினாள். நான் திரும்பி வந்ததும், அந்தக் குட்டிக்கும் போட்டாச்சா என்று கேட்டாள். போட்டாச்சு என்றேன். இரண்டாம் நாள் அந்தத் தெருநாய் எங்கள் கேட்டுக்கு வெளியே செத்துக் கிடந்தது. சுண்ணாம்பு கொட்டிப் புதைத்து, முற்றத்தையும் முன்னறையையும் பினாயிலால் கழுவினேன். டீச்சருடைய மூக்கு சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது.

என்ன நோய் என்று எனக்குத் தெரியுமா என்று நீங்கள் சுற்றி வளைத்துக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அட்டையில் ஐந்து தேதிகள் இருக்கின்றன. எனக்குப் போட்ட ஊசிகள். ஐந்துக்கும் நேரம் தவறாமல் போனேன். என் பிரிட்ஜிலிருந்து எதையும் எடுத்துக் குத்திக்கொள்ளவில்லை. முதல் நாள் நர்ஸ் கேட்டார், அந்த நாய் வேறு யாரையாவது, எதையாவது கடித்ததா என்று. இல்லை என்றேன்.

கடைசித் தேதியைப் பாருங்கள். டீச்சரின் முதல் போன் வந்த அதே நாள், அதே காலை பத்து மணி. நான் ஊசி போடும் அறையில், பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் அப்போதுதான் ஊசியை உருவிவிட்டு, தோளில் பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். இன்னொரு கையால் போனை எடுத்தேன். எதிரில் நர்ஸ், அவர் பின்னால் பிரிட்ஜ் நிறைய மருந்து. போனை அவரிடம் நீட்டியிருந்தால் மீதியை அவரே பேசியிருப்பார்.

ஊசி போட்டாச்சா என்று டீச்சர் கேட்டார். போட்டாச்சு என்றேன். இவ்வளவு காலத்தில் அந்தச் சொல்லை நான் உண்மையாகச் சொன்னது அந்த ஒரு தடவைதான் சார். யாருக்கு என்று அவர் கேட்கவே இல்லை.