கட் சொல்லாத காட்சி

டீ நல்லா இருக்கு சார். ஷூட்டிங் டீ குடிச்சுக் கெட்டுப்போன நாக்கு இது, அதனால சொல்றேன்.

நான் டைரக்ட் பண்ண இந்தப் படத்துல எல்லாரும் பிரமாதமா நடிச்சிருக்காங்கன்னு ஊரே பேசுது. கதை என்னவோ சாதாரணப் பழிவாங்கல்தான். சின்ன ஊர்ல ஒரு மர அறுவை மில். தம்பியைக் கொன்ன முதலாளியை அண்ணன்காரன் மரத்தூள்ல புதைக்கிறான். முதலாளியா நடிச்சது என் அக்கா புருஷன். மாமாவுக்கு நடிப்பு சுத்தமா வராது. ஆனா வில்லனுக்குன்னே செஞ்ச முகம். அப்படிச் சொன்னதும் மனுஷன் உச்சி குளிர்ந்துட்டார்.

என் முதல் படத்தைப் பார்க்க அவர் வந்தார். இடைவேளைக்கு முன்னாடியே குறட்டை, தியேட்டரே திரும்பிப் பார்த்துச்சு. அதுக்கப்புறம் யார் வீட்டுக்குப் போனாலும், "தூக்கம் வரலையா? நம்ம மாப்ள படத்தைப் போடுங்க"ம்பார். அக்கா சிரிப்பா. நானும் சிரிப்பேன். இதையெல்லாம் மனசுல வெச்சுக்கிற ஆள் இல்ல சார் நான்.

எங்க தொழில்ல ஒரு பழக்கம். டைரக்டர் 'கட்' சொல்ற வரைக்கும் யாரும் அசையக் கூடாது. முதல் நாளே ஒரு லைட்மேன், அடி வாங்கின நடிகருக்கு நிஜமாவே வலிக்குதுன்னு ஓடிவந்து ஷாட்டைக் கெடுத்தார். அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிட்டேன். அப்புறம் எல்லாரும் கம்பம் மாதிரி நின்னாங்க.

கடைசிக் காட்சியில மாமா குழிக்குள்ள நிக்கிறார், மேலேர்ந்து மரத்தூள் கொட்டுது. "மூச்சு முட்டுது, விட்டுடுங்க"ன்னு அவர் கத்தணும். அது நான் எழுதின வசனம். அவருக்கு ஆஸ்துமா இருக்கிறது எங்க வீட்டுக்குத் தெரியும், யூனிட்ல யாருக்கும் தெரியாது. இடுப்பு வரைக்கும்தான்னு சொல்லி இறக்கினேன். தூள் கழுத்தைத் தாண்டிடுச்சு.

நான் யாரையும் தொடலை சார். ஒரு வார்த்தை சொல்லாம விட்டேன், அவ்வளவுதான். அவர் நடிப்புல மெய்மறந்துட்டேன்.

விபத்துன்னு எழுதி மூடினாங்க. "அவர் ஆசைப்பட்டு நடிச்சதுடா, வெளியிடு"ன்னு அக்காதான் அழுதா. அந்த ஷாட்டையும் விடாம வெச்சேன். நேத்து படம் பார்த்துட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டா. "கடைசியில மாப்ள, மாப்ளன்னு கூப்பிடுறாரே. படத்துல அவருக்கு மாப்ள யாருடா?" அப்புறம் நேரா ஸ்டேஷனுக்கு, உங்ககிட்ட வந்துட்டா.

நியாயமான கேள்விதான். அதை நான் எழுதலை. என்னைப் பார்த்துதான் கூப்பிட்டார், நல்லாவே கேட்டுச்சு. நான் குனிஞ்சு கேமராமேன் காதுல, "இன்னும் கிட்டப் போ"ன்னு சொன்னேன்.