பைக்காரிகளில் ஒருத்தி

கட்டிங் அக்கா: ...செருப்பை வெளியில விட்டுட்டு வாம்மா. தைக்கத் தெரியாதுன்னா என்ன, எங்க பெரியக்கா ஒரே வாரத்துல கத்துக் குடுத்துடுவாங்க. அதோ, ஜன்னலோரமா முதுகைக் காட்டிட்டு மிதிக்கிறாங்க பாரு... பெரியக்கா! புதுசா ஒரு பொண்ணு வேலை கேட்டு வந்திருக்கு!

மாமியார்: உட்காரச் சொல்லு. இந்தப் பைக்குக் கைப்பிடிக் காதுப்பட்டையை ஓட்டி முடிச்சுட்டு வர்றேன்.

மருமகள்: ...அத்தை?

மாமியார்: யாரு... ஐயையோ!

கட்டிங் அக்கா: என்னக்கா, ஊசி குத்திடுச்சா?

மாமியார்: ஊசியா? ஆமா... இல்ல. இது என் மருமக.

கட்டிங் அக்கா: அட! மருமக வர்றான்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

மாமியார்: எனக்கே இப்பத்தான் தெரியும்.

மருமகள்: அத்தை... நீங்க முட்டி வலிக்கு வைத்தியம் பார்க்கத்தானே தினமும் பத்து மணிக்குக் கிளம்புறீங்க?

மாமியார்: நீ உங்க அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னுதானே இன்னைக்குக் கிளம்பினே?

மருமகள்: அது வந்து...

மாமியார்: ம். எனக்கும் அதே 'வந்து'தான்.

மருமகள்: எத்தனை நாளா நடக்குது இது?

கட்டிங் அக்கா: நாளா? நாலு வருஷம்! இந்த இடத்தை ஆரம்பிச்சதே இவங்கதாம்மா. அப்ப நாங்க மூணே பேரு. ஒரு மிஷின், ஒரு மூட்டை பழைய திரைச்சீலை. இப்ப பத்தொன்பது பேரு. எல்லாரும் பங்காளிங்க. சண்டை போடாத பங்காளிங்க.

மருமகள்: நாலு வருஷமா! ராத்திரி ராத்திரி தைலம் தேய்ச்சு விட்டேனே அத்தை...

மாமியார்: வலி என்னவோ நெசம்தான். மிதிக்கிற மிஷினாச்சே.

மருமகள்: சிரிக்காதீங்க! உங்க பையன் வீட்டுக்குப் பின்னாடியே பிளாஸ்டிக் கவர் கம்பெனி நடத்துறாரு. நீங்க இங்க உட்கார்ந்து துணிப்பை தைக்கிறீங்க. கடை கடையா ஏறி இறங்கி, கவர் வாங்காதீங்க, எங்க பையை வாங்குங்கன்னு...

மாமியார்: கடைக்குப் போறது இவ. நான் போனா குட்டு உடைஞ்சுடாதா?

கட்டிங் அக்கா: போன மாசம் மட்டும் பதினோரு கடையில கவரை நிறுத்திட்டாங்க தெரியுமா? இப்ப ஆஸ்பத்திரியிலேர்ந்து மருந்துப் பை கேட்டிருக்காங்க. மூவாயிரம்! அதுவும்...

மாமியார்: நீ போய் அந்தப் பச்சைத் துணியை வெட்டு.

கட்டிங் அக்கா: அது வெட்டியாச்சேக்கா.

மாமியார்: இன்னொரு தடவை வெட்டு.

கட்டிங் அக்கா: ஓ... சரி சரி. நான் இங்க இல்ல.

மாமியார்: இப்படி உட்காரு. ஏன் முகம் இப்படி வெளிறிக் கிடக்கு? முதல்ல தண்ணியைக் குடி... உன்னையும் இங்க கூட்டிட்டு வரணும்னு எத்தனை நாள் நினைச்சிருக்கேன் தெரியுமா? படிச்ச பொண்ணு, நாலு சுவத்துக்குள்ள அடைஞ்சு கிடக்கான்னு. வாய் வரைக்கும் வரும், முழுங்கிடுவேன். இன்னைக்கு நீயே வந்து நிக்கிறே. சிரிக்கிறதா அழுறதான்னு தெரியலை.

மருமகள்: அத்தை... நான் வேலைக்கு வரலை.

மாமியார்: பின்ன?

மருமகள்: அவரு அனுப்பினாரு.

மாமியார்: எவரு... என் பையனா?

மருமகள்: போன வாரம் கம்பெனிக்குச் சீல் வெச்சாங்கல்ல... யாரோ எழுதிப் போட்ட புகாராலதான்னு தெரிஞ்சதுலேர்ந்து அவரு அவரா இல்லை. 'இது அந்தப் பைக்காரிங்க வேலைதான். நீ வேலை கேக்குற மாதிரி உள்ள நுழைஞ்சு, எழுதினவ பேரை மட்டும் கொண்டா'ன்னாரு.

மாமியார்: பேரை வெச்சு என்ன பண்ணப் போறானாம்?

மருமகள்: இந்தக் கட்டடத்துக்காரரு அவருக்கு சிநேகிதராம். பேரு தெரிஞ்ச மறுநாளே மிஷினையெல்லாம் தூக்கித் தெருவுல வெச்சுடுவேங்கிறாரு.

மாமியார்: அடப்பாவி... என் வயித்துல பிறந்தவனா இப்படிப் பேசுறான்? அந்தக் கடைசி மிஷின்ல இருக்காளே, அவளைப் பாரு. புருஷன் விட்டுட்டுப் போய் ஆறு வருஷம். ரெண்டு பொண்ணுங்க படிப்பும் அவ கால் மிதியிலதான் ஓடுது. அதையா தெருவுல வைப்பான்?

மருமகள்: சத்தியமா உங்களை இங்க எதிர்பார்க்கலை அத்தை. உங்களைப் பார்த்த நிமிஷத்துலேர்ந்து எனக்கு மூளையே ஓடலை.

மாமியார்: தப்பு என் மேலதான்.

மருமகள்: என்ன சொல்றீங்க?

மாமியார்: நான்தான் வாயை விட்டேன். நம்ம கம்பெனியில ஊருக்குக் காட்டுறது தடிமனான கவர்... ஞாயித்துக்கிழமை கதவைச் சாத்திட்டுப் பின்ரூம்ல ஓட்டுறது தடை பண்ணின மெல்லிசுக் கவர்னு. ஒரு நாள் மனசு தாங்காம இந்தக் கட்டிங்காரிகிட்டப் புலம்பிட்டேன். சீல் வெச்சுட்டாங்கன்னு கேட்டதும் எனக்குப் புரிஞ்சுடுச்சு. பெத்த பிள்ளையை நானே காட்டிக் குடுத்துட்டேனேன்னு... ஒரு வாரமா தூக்கமே இல்ல.

மருமகள்: ஐயோ, அத்தை...

மாமியார்: நீ ஒண்ணு பண்ணு. வீட்டுக்குப் போ. எழுதினது நான்தான்னு அவன்கிட்ட சொல்லிடு.

மருமகள்: அத்தை!

மாமியார்: சொல்லுங்கிறேன். இங்க இருக்கிற ஒருத்தி பேரும் வெளிய வரக் கூடாது. பெத்தவளை என்ன பண்ணிடுவான்? மிஞ்சிப் போனா வீட்டை விட்டுப் போன்னுவான். இந்தத் துணி மூட்டைங்களுக்கு நடுவுல ஒரு பாயை விரிச்சுப் படுத்துக்கிறேன்.

மருமகள்: என்னால அப்படிச் சொல்ல முடியாது.

மாமியார்: பொய்யாச்சேன்னு பார்க்கிறியா? சும்மா சொல்லு. நாலு வருஷம் முட்டியை வெச்சே உன்னை ஏமாத்தினேன், ஏதாவது கண்டுபிடிச்சியா?

மருமகள்: அதுக்கில்ல அத்தை. அது வந்து...

கட்டிங் அக்கா: அக்கா, கோவிச்சுக்காதீங்க. பச்சைத் துணியை எத்தனை தடவைதான் வெட்டுறது? காதுல விழுந்துடுச்சு. நீங்க புலம்பினதை நான் ஒருத்திகிட்டயும் மூச்சு விடலை. சீல் வெச்ச அன்னைக்கே எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சுக் கேட்டுட்டேன். இங்க எவளும் எழுதலை.

மாமியார்: பயந்து மறைப்பாளுங்கடி.

கட்டிங் அக்கா: மறைக்கட்டும். அந்தச் சாவிக்கு என்ன சொல்றீங்க?

மாமியார்: எந்தச் சாவி?

கட்டிங் அக்கா: பின்ரூம் சாவி. ஆபீசரோட வந்த பியூன் எங்க பக்கத்து வீடு, அவர்தான் சொன்னாரு. ஆபீசர் ஜீப்பை விட்டு இறங்கினாராம். உங்க வீட்டுச் சமையக்கட்டுக் கதவுக்குப் பின்னாடி உங்க பேத்தி மழைக்கோட்டு தொங்குமாமே, நேரா போய் அந்தப் பாக்கெட்டுல கையை விட்டு எடுத்தாராம். புகார்லயே எழுதியிருந்துச்சாம். அக்கா, உங்க வீட்டு வாசப்படியை இதுவரைக்கும் எங்கள்ல யாராவது மிதிச்சிருக்கோமா?

மாமியார்: பூட்டை உடைச்சு உள்ள போனாங்கன்னுல்ல அவன் என்கிட்ட சொன்னான்! பாப்பா கோட்டுல சாவி இருக்கிறது அவனுக்கும் எனக்கும்தானே தெரியும்? வேற யாருக்கு...

கட்டிங் அக்கா: அதைத்தான் கேக்குறேன்.

மாமியார்: ...அம்மாடி. இங்க என்னைப் பாரு. தலையை நிமித்து. நீயா?

மருமகள்: ஆமா அத்தை.

மாமியார்: எழுதினவளே எழுதினவளைத் தேடி வந்தியா?

மருமகள்: அன்னைக்கு வெளியூர் போயிருந்தவருகிட்ட, பூட்டை உடைச்சாங்கன்னு நான்தான் சொல்லி வெச்சேன். இப்ப போக மாட்டேன்னா என் மேல சந்தேகம் வரும். இங்க யாரும் எழுதலைன்னு சொல்லிடலாம்னுதான் கிளம்பி வந்தேன்.

மாமியார்: ஐயோ, ஏன்டி... ஏன் அப்படிப் பண்ணினே? உன் புருஷன்டி அவன்!

மருமகள்: பாப்பாவுக்குச் சளி, சளின்னு நாம கஷாயம் குடுத்தோமே, அது சளியே இல்ல அத்தை. ஞாயித்துக்கிழமை மிஷின் நின்னதும் கழிவையெல்லாம் குவிச்சு எரிக்கிறாரு, அந்தப் புகை. 'இன்னும் ஒரு வருஷம் இப்படியே போனா குழந்தை ஓடக் கூட முடியாது'ன்னு டாக்டர் சொல்லிட்டாரு... அவரு கால்ல விழுந்து மூணு தடவை கெஞ்சினேன். நாலாவது தடவை ஆபீசருக்கு எழுதினேன்.