ஒடையாத வயித்துக்கு மாவுக்கட்டு

கடைசியா என் பொண்டாட்டிய உயிரோட பாத்தப்ப அவ என்ன சொன்னான்னுதானே கேட்டீங்க? கட்டில்ல சாஞ்சுக்கிட்டு, அதுங்கள கவுத்து வெச்சிடாதீங்கன்னா. அவ்வளவுதான். நான் டீ வாங்கப் போயிட்டேன். திரும்பி வர்றதுக்குள்ள… சரி, விடுங்க. இப்ப உங்க கண்காட்சியில நீங்க என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? அஞ்சையும் சுவத்தப் பாக்கக் கவுத்து மாட்டி, மேல லைட்டும் போட்டிருக்கீங்க.

சேச்சே, உங்க மேல என்னம்மா கோவம். தூக்கிக் குடுத்தது என் கொழுந்தியா. அவளுக்கு அக்கா வீட்டுச் சாமான்னா தூக்கிக் குடுக்க மட்டும்தான் தெரியும். நீங்க படிச்சவங்க. தக்காளி வாங்குறவகூட திருப்பிப் பாத்துத்தான் வாங்குறா.

சிற்பமா? நல்லா இருக்கு. மாவுக்கட்டும்மா இது. ஆஸ்பத்திரியில கை கால் ஒடஞ்சவங்களுக்குப் போடுறது. முப்பது வருஷம் அதான் எனக்கு வேலை. அவ மொத தடவ முழுகாம இருந்தப்ப, என் வயித்துக்கும் ஒண்ணு போடுங்களேன்னா. எங்கம்மா வாசல்ல நின்னுக்கிட்டு, ஒடையாத வயித்துக்கு எதுக்குடா கட்டுன்னு ஒரே சிரிப்பு. நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன், பெரிய புத்திசாலியாட்டம். எண்ணெயத் தடவி, மாவுத் துணிச் சுருளத் தண்ணியில நனைச்சு ஒட்டி, இறுகினதும் கழட்டிக் குடுத்தேன். எடுத்துக்கிட்டுப் போயி உள்பக்கம் பெயின்ட் அடிக்க உக்காந்துட்டா. எங்க தெரு, ஜன்னல்ல ஒரு காக்கா, மீசையோட நான். வெளியில வரைஞ்சாத்தானடி நாலு பேரு பாப்பாங்கன்னேன். பாக்க வேண்டிய ஆளு உள்ளதானே இருக்குன்னா.

நாலாம் மாசம் கலஞ்சிடுச்சு.

இங்க என்ன எழுதி ஒட்டியிருக்கீங்க? தாய்மையின் ஐந்து படிகள். படியாம் படி! சின்னதுலேர்ந்து பெருசா அடுக்கிட்டா ஒரே கர்ப்பம் ஆயிடுமா? மொதல்ல போட்டது இந்த மூணாவது. அதுக்கப்புறம் நாலாவது, அஞ்சு மாசம் தங்குச்சு. அப்புறம் இந்த ரெண்டாவது. கடைசியா வந்த புள்ளைதான் ஓரத்துல இருக்கே, அந்தக் குட்டி. எண்பது நாளு, அதுக்கும் உள்ள வரைஞ்சா. நீங்க மேல ஏத்தி வெச்சிருக்கீங்க, அவ போகப் போகக் கீழதாம்மா எறங்கினா. கட்டு போட்டதாலதான் எதுவும் நிக்கலன்னு எங்கம்மா ஒரு கண்டுபிடிப்பு வேற. அதக் கேட்டுக்கிட்டே நான் டூட்டிக்குக் கிளம்பிட்டேன்.

எது, அந்தப் பெருசா? ஆமா, அதுக்கு மட்டும் ரெண்டு லைட்டு போட்டிருக்கீங்க. நிறைமாசம்னு எழுதினதுக்கு உங்களக் குத்தம் சொல்ல மாட்டேன். எதிர் வீட்டுக்காரியே, இந்த வயசுலயான்னு வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சவதானே. அம்பத்தி மூணும்மா அவளுக்கு அப்ப. புள்ளையில்ல, கட்டி. வயிறு பூரா தண்ணி கோத்துக்கிச்சு. இதுக்கும் ஒரு கட்டு போட்டு எடுத்துடுங்க, எனக்கு எப்ப இவ்வளவு பெருசா வந்திருக்குன்னா. எடுத்துக் குடுத்தேன். பெயின்ட் டப்பாவையும் பக்கத்துல கொண்டாந்து வெச்சேன். வேணாம்னுட்டா.

சாயங்காலம் ஆளுங்க வர்றதுக்குள்ள அந்த நாலையும் திருப்பி மாட்டச் சொல்லுங்க. ஏணிய வேணா நான் புடிச்சிக்கிறேன். பெருச திருப்பினாலும் ஒண்ணுதான், திருப்பாட்டியும் ஒண்ணுதான். உள்ள வெறும் வெள்ளைதான்.